யார் நடந்த பாதை?

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு அணித்தாகக் கற்சிலைமடு என்றோர் ஊர் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் அங்கே ஒரு கல் நடப்பட்டது. கப்டன் வொன் டிறிபேர்க் என்பவன் பண்டார வன்னியனை 1803 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள் அவ்விடத்தில் தோற்கடித்தான் என்பதே அக்கல் அறிவித்த செய்தி. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், ஓகஸ்ட் 25 ஆம் நாள், வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பறித்திருந்தான். அந்த அவமானத்தைத் துடைக்க யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று முனைகளிலிருந்தும் படைகள் வன்னிக் காட்டினுள் நுழைந்தன. அப் படையெடுப்பை நினைவுகூர நடப்பட்டதே அக்கல்.

ஆனால், அக்கல்லை நட்டவர்கள் எதிர்பாராத ஒன்று பின்னர் நிகழ்ந்தது. வன்னி மக்கள் அந்த வாக்கியத்தின் எழுவாயைத் தள்ளிவிட்டுச் செயப்படுபொருளை எடுத்துக்கொண்டார்கள். டிறிபேர்க் யார் என்று கேட்டால் இன்று பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது. பண்டார வன்னியனுக்கோ நாடகங்கள் எழுதப்பட்டன; 1982 இல் வவுனியாவிற் சிலை எழுந்தது. தோற்கடித்தவன் நட்ட கல்லே தோற்றவனின் நினைவிடமாயிற்று. கல் சொன்னது தோல்வியைப் பற்றி மட்டுமே. ஆயினும் மக்கள் அதனை மரணத்தின் கல்லாகவே கொண்டனர். உண்மையில் அவன் அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆங்கிலேயரை அலைக்கழித்தான் என்பது அவர்களுடைய ஆவணங்களிலிருந்தே தெரியவருகிறது. வரலாற்றாசிரியருக்கு இது பிழை. நமக்கோ இதில் வேறொரு செய்தி தென்படுகிறது. ஒரு பாதையை நினைவுகூர்வது என்றால், அதன்மேல் நடந்தவர்களுள் யாரை நினைப்பது என்று தெரிந்தெடுப்பதும் அதனுள் அடக்கம். அந்தத் தெரிவை எவரும் அறநெறிக்கு வெளியே நின்று செய்துவிட முடியாது.

இக்கேள்வியைப் பெரிய அளவிற் காண விரும்புவோர் அமெரிக்காவைப் பார்க்கலாம். பாதைகளைக் கொண்டாடுவதையே ஓர் அரசாங்க அலுவலாக்கிய நாடு அது. 1968 இல் அதற்கெனச் சட்டமே இயற்றினார்கள். 1978 இல், லூயிசும் கிளார்க்கும் 1804 முதல் 1806 வரை பசிபிக் கரையை நாடிச் சென்று மீண்ட வழியும், குடியேறிகளின் வண்டிகள் ஏறத்தாழ 2,000 மைல் உருண்ட ஒறிகன் பாதையும் தேசிய வரலாற்றுப் பாதைகளாக அறிவிக்கப்பட்டன. 1830 ஆம் ஆண்டின் அகற்றற் சட்டத்தின்கீழ் செரோக்கியர் முதலிய பழங்குடிகள் துப்பாக்கி முனையில் தம் நிலத்தினின்றும் மேற்கே ஓட்டப்பட்ட வழிக்கு, கண்ணீர்ப் பாதை என்று பெயர் பெற்ற அவ்வழிக்கு, அதே மதிப்பு 1987 இல்தான் கிட்டியது. 1838, 39 ஆம் ஆண்டுகளில் நடத்திச் செல்லப்பட்ட செரோக்கியர் ஏறத்தாழ 16,000 பேர். அவர்களுள் 4,000 பேர் வரை மாண்டனர் என்பது பொதுவான கணக்கு. ஓட்டியவர்களின் வாரிசுகளே அப்பாதைக்கும் பலகை நாட்டினார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. அது கடினமான காரியம். அதனைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

லூயிஸ், கிளார்க் பயணத்தின் கணக்கேட்டில் ஒரு பக்கம் நமது கவனத்துக்குரியது. பயணம் முடிந்தபின் உடன்சென்ற போர்வீரர்களுக்கு இரட்டைச் சம்பளமும் ஆளுக்கு 320 ஏக்கர் நிலமும் வழங்கப்பட்டன. யோர்க் என்றொரு கறுப்பினத்தவரும் அதே ஆறுகளைக் கடந்தார். அதே பட்டினியைப் பட்டார். அவர் கிளார்க்கின் அடிமை. அவருக்கு நிலமும் இல்லை, சம்பளமும் இல்லை. விடுதலை கேட்டபோது அதுவும் பல்லாண்டுகள் மறுக்கப்பட்டது. சக்கஜவேயா என்ற சொஷோனிப் பெண் கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு மொழிபெயர்ப்பாளராக நடந்தாள். கூலியும் நிலமும் அவள் கணவனுக்குச் சென்றன. இன்று அவளுக்குச் சிலைகள் உண்டு. அவள் உருவம் பொறித்த நாணயமும் உண்டு. சிலை எளிது, ஏக்கர்தான் அரிது போலும்!

நம் நாட்டிலும் அத்தகைய ஒரு பெரும்பாதை உண்டு. தலைமன்னாரிலும் அரிப்பிலும் தோணியிலிருந்து இறங்கி, மன்னார்க் காட்டினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்த பாதை. அரிப்பிலிருந்து மாத்தளை ஏறத்தாழ 150 மைல். 1820 களில் கம்பளைப் பக்கத்திற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய நாள் தொட்டு அந்நூற்றாண்டின் இறுதிவரை, தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களின் ஏழைகள் கங்காணியின் பின்னே அப்பாதையில் நடந்தார்கள். கோப்பிக் காலத்தில் இது ஒருமுறை நடந்து முடிந்த நடையுமன்று. அறுவடைக்கு வந்து, வேலை முடிந்ததும் திரும்பி, அடுத்த ஆண்டும் வந்தார்கள். போகும்போது பசி, திரும்பும்போது வழிப்பறி, இரு திசையிலும் வாந்திபேதியும் காய்ச்சலும். நடக்க முடியாதவர்களைக் காட்டில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 1840 களில் மட்டும் 70,000 பேர் மாண்டனர் என்று 1849 இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குச் சொன்னது. அத்தொகை மிகையென்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிக்கின்றனர். இருக்கலாம். தோட்டத்தில் எத்தனை இறாத்தல் கோப்பி உலர்ந்தது என்று துல்லியமாக எழுதிவைத்தவர்கள், வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எழுதிவைக்கவில்லை. ஆய்வாளர் வாதாட வேண்டி நேர்ந்ததற்குக் காரணமே அதுதான்.

அமெரிக்க மேற்குப் பாதையையும் நமது வடக்குப் பாதையையும் ஒரே காலத்தில் வைத்து நோக்குவோம். இரண்டிலும் நடந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். இரண்டிலும் வாந்திபேதியே பெருங்கொலைஞன். ஆனால் பாதையின் முடிவில் அமெரிக்கக் குடியேறிக்கு 1862 ஆம் ஆண்டின் சட்டப்படி 160 ஏக்கர் காத்திருந்தது. நம்மவனுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பிராவும் ஒரு கடனும் காத்திருந்தன. அவன் வந்த செலவே அவன் தலையிற் கடனாக எழுதப்பட்டது. அந்தக் கடன் எழுதிய துண்டைத் தீர்க்காமல் அவன் தோட்டத்தை விட்டு அசைய முடியாது. நடந்த நடைக்குத் தானே விலை கொடுத்தவன் அவன்.

ஒன்றை இங்கே மறைக்காமற் சொல்லியாக வேண்டும். 160 ஏக்கர் பெற்ற அமெரிக்க ஏழையின் நிலம் செவ்விந்தியனிடமிருந்து பிடுங்கப்பட்டது. அவ்வாறே, கோப்பி விளைந்த மலைச்சாரலும் வெற்றிடமாக இருந்ததில்லை. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிச் சிங்களக் குடியானவன் தன் சேனை நிலத்தையும் மேய்ச்சற் காட்டையும் இழந்தான். அவனுடைய மனக்குறை பொய்யானதன்று. ஆனால் நிலத்தை எடுத்தவன் துரை. நிலத்தில் நின்றவன் கூலி. எடுத்தவன் குதிரையேறிச் சென்றுவிட, கண்ணுக்கு எதிரே நின்றவன்மேல் பகை விழுந்தது. ஏழை நடந்த நடை என்பதனாலேயே அது எவரையும் மிதிக்காத நடையாகிவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். யார் நடத்தினான், நடந்ததன் பலன் யார் பெட்டியில் விழுந்தது என்பதைக் கேளாமல் நடந்தவனைக் குற்றவாளியாக்குவது நேர்மையன்று என்பது மட்டும் நமது கட்சி. அந்தப் பகையே 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமாயிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கிற்று. பாட்டன் நடந்து வந்த திசையிலேயே பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். இம்முறை இரயிலும் கப்பலும் இருந்தன.

இனிக் கிளிநொச்சிக்கு வருவோம்.

கிளிநொச்சியே ஒரு குடியேற்றம். 1902 இல் தொடங்கி 1920 களின் தொடக்கத்தில் முடிந்த இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி, 1936 இல், யாழ்ப்பாணத்து நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கவெனக் காடு வெட்டி அமைக்கப்பட்ட குடியேற்றத் திட்டம் அது. முதலில் வந்தவர்களின் உழைப்பை நாம் மதிக்கிறோம். மலேரியாவும் யானையும் அவர்களை வாட்டின. ஆனால் அவர்களுக்கு வயலும் வாய்க்கால் நீரும் உத்தரவுப்பத்திரமும் கிடைத்தன. அவர்களை முன்னோடிகள் என்று சொல்கிறோம். அது தக்க சொல்லே. 1958 இன் கலவரத்துக்குப் பின்னும், 1970 களின் நடுவில் தோட்டங்களைப் பிடித்த பஞ்சத்தின்போதும், 1977 இன் கலவரத்துக்குப் பின்னும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து இதே காட்டை வெட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1970 களில் வெளிநாட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு, மிளகாயும் வெங்காயமும் பொன்னாய் விலைபோன காலத்தில், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டக் காணிகளிற் குனிந்து நின்றவர்களுள் அவர்கள் கணிசமானோர். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம், சாந்தபுரம் முதலிய ஊர்கள் அவர்கள் கையால் எழுந்தவை. அவர்களை நாம் முன்னோடிகள் என்று அழைத்ததுண்டா? “தோட்டக்காட்டான்” என்று அழைத்தோம். காடு ஒன்று, வெட்டிய கத்தியும் ஒன்று, சொல் மட்டும் இரண்டு!

காந்தியம் என்ற இயக்கம் அவர்களைக் குடியமர்த்தப் பாடுபட்டது. அதனை நடத்திய கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983 இற் சிறைப்பட்டனர். அவ்வாண்டு யூலையில் வெலிக்கடையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். எல்லைப்புறத்தில் குடியமர்ந்திருந்த மலையகக் குடும்பங்கள் மறு ஆண்டில் அங்கிருந்தும் துரத்தப்பட்டன. இவ்வாறு ஒரே குடும்பம் மூன்று தலைமுறைக்குள் மூன்று முறை நடந்த கதை வன்னியில் அரியதன்று.

பின்னர் வந்தது எல்லாருக்குமான நடை. 2008 இன் பிற்பகுதியில் மன்னார்க் கரையிலிருந்து பெயர்ந்தோர் கிளிநொச்சிக்கு வந்தனர். 2009 சனவரி 2 ஆம் நாள் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குச் சென்றது. அதற்கு முன்பே ஊர் முழுதும் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் நகரத் தொடங்கிவிட்டது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றி உழவு இயந்திரத்திற் கட்டிக்கொண்டு புறப்பட்டவர்கள், ஒவ்வொரு தரிப்பிலும் ஒவ்வொன்றைக் கைவிட்டு, கடைசியில் உடுத்த துணியோடு நின்றார்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலேயே எறிகணைகள் விழுந்தன. தப்பி வெளியேற முயன்றோரை விடுதலைப் புலிகள் தடுத்தனர், சுட்டதும் உண்டு. இரண்டையும் சொல்லாத எந்த நினைவுகூரலும் அந்த நடையின் பாதியையே சொல்கிறது. உயிர் தப்பியோரிற் பெரும்பாலோர் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருந்தெரு அதே செட்டிகுளத்தினூடாகவே செல்கிறது. 150 ஆண்டுகளுக்கு முன் கோப்பித் தோட்டம் தேடி ஒருவன் நடந்து கடந்த காட்டில், அவன் வழிவந்தவன் முட்கம்பிக்குள் வரிசையில் நின்று சோறு வாங்கினான்.

கிளிநொச்சி நகரின் நடுவே படையினர் தம் வெற்றிக்கு ஒரு சின்னம் எழுப்பினார்கள். பெரிய சீமெந்துக் கட்டியைப் பீரங்கிக் குண்டொன்று துளைத்து நிற்க, மேலே ஒரு தாமரை மலர்ந்திருக்கும். கற்சிலைமடுக் கல்லின் இலக்கணமே இதற்கும்: எழுவாய் மட்டும் தெரிகிறது. மக்களோ வேறொரு வழியைக் கண்டார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் உப்பிட்ட வெறுங் கஞ்சியைக் காய்ச்சி வீதியோரத்தில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் வார்க்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் உயிரைப் பிடித்து வைத்த கஞ்சி அது. கல்லில் எழுதாமல் நாவில் எழுதும் இந்த நினைவை நாம் மிக உயர்வாக மதிக்கிறோம். இதிற் படைத்தலைவன் இல்லை, வெற்றி இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பசித்தவன் மட்டும் இருக்கிறான். இதனையும் சில ஆண்டுகளிற் பொலிசார் தடுத்தார்கள் என்பது, கஞ்சிக் கலயத்துக்குக் கூட அரசு அஞ்சும் காலம் உண்டென்பதைக் காட்டுகிறது.

இவ்வளவும் எழுதுவது நமக்கு எளிது. ஏனெனில் இவை நம்மவர் பட்ட பாடுகள். எளிதல்லாத ஒன்று இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எங்கும் அதுவே நடந்தது. எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டையும் நகையையும் காசையும் விட்டுத் தெற்கே சென்றனர். வவுனியாவை நோக்கிக் காட்டு வழியே நடந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலோர் புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களிற் பல்லாண்டு கிடந்தனர். அந்தப் பாதையும் வன்னியினூடாகவே சென்றது. அதனை நடக்கவைத்தவர்கள் சிங்களரும் அல்லர், வெள்ளையரும் அல்லர். தமிழ் மக்களின் பெயரால், தமிழில் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னார்கள். நம் மேடைகளில் அந்தப் பாதையைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? வாசகர் தாமே எண்ணிப் பார்க்கட்டும்.

கண்ணீர்ப் பாதைக்கு அமெரிக்கர் நாட்டிய பலகையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை என்று முன்னே சொன்னது இதற்காகவே. 150 ஆண்டு தாழ்த்தி, ஆபத்தில்லாத காலம் பார்த்துத்தான் அதனைச் செய்தார்கள் என்பது உண்மை. செரோக்கியரின் நிலம் திரும்பவில்லை என்பதும் உண்மை. எனினும் தன் இனத்தவன் செய்த கொடுமையைத் தன் இனத்தவனின் காசில், தன் தெருவோரத்தில் எழுதிவைப்பது ஒரு தொடக்கம். தான் துரத்தப்பட்ட பாதைக்கு மட்டும் கல் நடுபவன் தன் துன்பத்தைக் காட்டுகிறான். அதற்கு அவனுக்கு முழு உரிமையுண்டு. தான் துரத்திய பாதைக்கும் கல் நடும்போதுதான் அவன் துன்பம் அவனுக்கு ஏதோ கற்பித்திருக்கிறது என்று அயலான் நம்புவான்.

“பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? மறப்பதே ஆறுதல்” என்று சொல்வோர் நல்லவர்களிலும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், நித்திரை வரவேண்டுமென்று மறக்க விரும்பினால், நாம் அவளிடம் வாதாட மாட்டோம். ஆனால் ஒரு சமுதாயத்தில் மறதி எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. கோப்பிப் பயிருக்கு வழிகோலிய தேசாதிபதி பார்ன்ஸின் பெயர் நூல்களில் நிற்கிறது. தெருக்களைத் திறந்துவைத்த மந்திரிமாரின் பெயர் கற்களில் நிற்கிறது. மறக்கும்படி உபதேசிக்கப்படுவது எப்போதும் மற்றவன்தான். அவனுக்குப் பத்திரம் இல்லை, பதிவேடு இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் ஒரு கீறல்தான் உண்டு. அவன் தன் நடையை வைத்திருந்த ஒரே இடம் நாட்டார் பாடல். அவற்றையும் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்திராவிடின் பெரும்பகுதி காற்றிற் கலந்திருக்கும்.

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த 200 ஆண்டின் நினைவாக, யூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு நடைபயணம் ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. தமிழரோடு சிங்களரும் முஸ்லிம்களும் அதில் நடந்தனர். இதனைச் சடங்கென்று ஒதுக்கியவர்களும் இருந்தனர். நாம் ஒதுக்கமாட்டோம். நடையை நடையால் நினைப்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. நடப்பவன் கால் வலிக்கிறது. நடந்தவர்கள் பாட்டன்மாருக்கு மலர் தூவியதோடு நிற்கவுமில்லை. லயத்துக்குப் பதிலாக வீடும், வீட்டுக்குக் காணியும், உழைப்புக்கு ஏற்ற கூலியும் கேட்டார்கள்.

அந்தப் பயணம் மன்னாரிலிருந்து மதவாச்சிக்குத் திரும்பிவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் வரவில்லை. பழைய பாதை இவ்வழி வராததால் அது இயல்பே. ஆனால் 1958 இலும் 1977 இலும் தொடங்கிய பாதை இவ்வழிதான் வந்தது. அதற்குப் பலகை நாட்டும் பொறுப்பு மத்திய அரசுக்கு இல்லை, துரைமாருக்கும் இல்லை. வடக்கில் வாழும் நமக்கே உரியது. எங்கே நாட்டுவது என்று கேட்டால், இரணைமடுவுக்கு அண்மையிலுள்ள அக்குடியிருப்புகளைச் சென்று பாருங்கள் என்போம். குளத்தின் வயல்களுக்குப் பாயும் வாய்க்கால் நீர், மேட்டுநிலத்தில் அமைந்த அவ்வூர்களிற் பலவற்றை எட்டுவதில்லை. அங்குள்ளோர் காலையிற் சைக்கிளெடுத்துப் பிறர் வயலுக்குக் கூலிக்குச் செல்கிறார்கள். பிரதேச செயலகத்துக் காணிக் கிளையில், நாற்பது ஆண்டாக இருக்கும் வளவுக்கு ஓர் உத்தரவுப்பத்திரம் கேட்டு வாங்கிலிற் காத்திருக்கும் முதியவரின் தகப்பனார் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், பாட்டனார் எந்தத் துறையில் இறங்கினார் என்று கேட்டு எழுத நான்கு பக்கக் கொப்பி போதும். எழுதுவதற்குச் சிலையின் செலவு ஆகாது. பாடசாலைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவிக்கலாம். புத்தளத்திலிருந்து மீண்டு வந்து நாச்சிக்குடாவிலும் மன்னார்க் கரையிலும் தம் பழைய வளவைத் தேடும் முஸ்லிம் முதியவரிடமும் அதே பிள்ளைகளை அனுப்பலாம். ஆனால் அந்த முதியவர் வாங்கிலிலிருந்து எழும்போது கையிற் பத்திரம் இருக்கிறதா என்பதையும் அதே கொப்பியின் கடைசிப் பக்கத்திற் குறிக்கச் சொல்ல வேண்டும்.